மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்விகள்

“வெள்ளிக்கிழமை நீ மயக்கம் போட்டு விழறதா இருந்தாகூட கம்பெனிக்குள்ள வந்து விழு. லீவு மட்டும் கிடையாது” என்றார் கோதண்டராமன்.

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குப் பூட்டு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு, அதாவது தரத்தைச் சோதித்துப் பார்க்க, வருகிறார்கள். ஆடிட் வாரத்தில் அவர் வீட்டு இட்லியைக்கூட அளந்து பார்த்துத்தான் சாப்பிடுவார் என்று அசெம்பிளி லைனில் பேசிக்கொள்வார்கள்.

அவரிடம் வேலை பார்க்கும் இன்ஜினீயர் கவிப்பிரியா நகராமல் நின்றாள். வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு ஒரு நேர்காணல். பாம்பேயில் ஒரு பெரிய மேலாண்மைக் கல்லூரி. வீடியோவில்தான் பேசுவார்கள். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்குக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் திட்டம். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது நடுவில் உட்கார்ந்து, விலை பேசி, முடித்து வைக்கிற வேலை. கம்பெனிகளுக்குக் கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போன வருடமும் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. இந்த வருடம் கூப்பிட்டுவிட்டார்கள். இதை விட்டால் இன்னொரு முறை முயல அவளுக்குத் தெம்பு இல்லை.

இதைக் கோதண்டராமனிடம் சொல்ல முடியுமா? வேலையை விடப் போகிறவள் என்று தெரிந்தால் சீட்டு கிடைப்பதற்கு முன்பே சீட்டுக் கிழிந்துவிடும். ஆகவே அவர் எந்தக் காரணத்துக்கு இளகுவார் என்று யோசித்தாள். மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடித் தேடியே தலைமுடியில் பாதியைப் பறிகொடுத்த மனிதர் அவர்.

“சார்… என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க சார்.”

கோதண்டராமன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். கண் கலங்கிவிட்டது.

“இத மொதல்ல சொல்றதில்லையாம்மா? ஆடிட் கெடக்குது வுடு. வியாழக்கிழமையே சீக்கிரம் கெளம்பு. நல்லாத் தூங்கு. மூஞ்சி டல்லா கீது பாரு.”

தொல்லை தீர்ந்தது என்று கவிப்பிரியா நினைத்தாள். பாவம், அப்போதுதான் ஆரம்பித்தது.

கோதண்டராமனுக்குச் சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் லைன் முழுக்கப் பரவியது. லைனில் ஸ்பிரிங் மாட்டும் முத்துச்செல்வி, கவிப்பிரியாவின் ஊரான வடக்குப்பட்டில் பக்கத்துத் தெரு. கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியவள் நேரே கவிப்பிரியாவின் வீட்டுக்குப் போய், “பெரிம்மா, இவ்ளோ நாளா எங்ககிட்ட சொல்லவே இல்லியே!” என்று கோபித்துக்கொண்டாள்.

கவிப்பிரியா வீட்டுக்குள் நுழையும்போது அவள் அம்மா சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“யாருடி அவன்?”

“யாரும்மா?”

“உன்னப் பொண்ணு பாக்க வர்றவன். பெத்தவளுக்குத் தெரியாம கம்பெனிக்கே தெரிஞ்சிருக்குது!”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கவிப்பிரியா வாயைத் திறந்தாள். கூடத்தில் அப்பா வெங்கடேசன் உட்கார்ந்திருந்தார். மூடிவிட்டாள். போன வருடம் மேற்படிப்பு என்ற பேச்சை எடுத்தபோது அவர் ஆடிய ஆட்டம் அவளுக்கு மறக்கவில்லை. “வூட்டு வாசல்ல பஸ்சு வருது, உள்ள ஏசி, மதியம் கேன்டீன் சோறு, அதுவும் பர்மனென்ட்டு! இத வுட்டுட்டு எந்தப் பைத்தியமாவது மறுபடியும் பரீட்சை எழுதப் போவுமா?” என்று தெருவுக்கே கேட்கக் கத்தியவர் அவர்.

“பாம்பேம்மா” என்றாள் கவிப்பிரியா. “பேங்க்ல வேலை. தெரிஞ்சவங்க மூலமா வந்துச்சு. சும்மா லேப்டாப்ல ஒரு தடவ பாத்துப் பேசறாங்க, அவ்ளோதான். யாரும் நேர்ல வரல. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்.”

யாரும் நேரில் வரவில்லை என்றால் அம்மா அடங்கிவிடுவாள் என்பது அவள் கணக்கு. சரோஜாவோ மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய செலவெல்லாம் மிச்சம் என்று குளிர்ந்துபோய், அந்த மிச்சத்தில் தன் பக்கத்துக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் போன் மணிமங்கலத்துக்குப் போயிற்று. அங்கேதான் வெங்கடேசனின் அக்கா காவேரி இருந்தாள். எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, முதல் குறையைக் கண்டுபிடிப்பவள்.

“அம்மா, அவங்களுக்குத் தமிழ் வராதும்மா. எல்லாம் இங்கிலீஷ்தான். அத்தைக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்கல்லாம் உள்ரூம்ல உக்காந்துக்குங்க” என்று கெஞ்சினாள் கவிப்பிரியா.

“அதுவும் சரிதான். அப்ப இங்கிலீஷ் தெரிஞ்ச பெரிய மனுஷன் ஒருத்தராவது நம்ம பக்கம் இருக்கணும்ல?” என்றாள் சரோஜா.

அந்தப் பெரிய மனிதர் யார் என்பதை அவள் மகளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வாசலில் கோலம், கதவில் மாவிலை, அடுப்பில் கேசரி. கவிப்பிரியா நேர்காணலுக்கென்று வாங்கி ஒளித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினாள்.

“இன்னாடி இது? மாப்ள வூட்டுக்காரங்க உன்ன வக்கீலுன்னு நெனச்சிக்கப் போறாங்க. கழட்டு!”

நெடுநேரம் வாதாடியதில் ஒரு சமரசம் ஏற்பட்டது. உள்ளே அரக்குப் பட்டுப்புடவை, மேலே கறுப்புக் கோட்டு, தலையில் முழம் முழமாக மல்லிகை. கண்ணாடியில் பார்த்த கவிப்பிரியாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் கூடத்தில் டிவிக்குக் கீழே. அங்கேதான் லேப்டாப்பை வைத்தாக வேண்டும். வைத்தாள். திரை உயிர் பெற்றது. மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் ஒரு வழுக்கைத் தலை மனிதர். இடப்பக்கம் காதில் கருவி மாட்டிய ஓர் இளைஞர். வலப்பக்கம் நரைத்த கிராப்பும் மெல்லிய கண்ணாடியுமாக ஓர் அம்மாள். அவர் பெயர் திரையில் பேராசிரியர் எஸ். சக்சேனா என்று இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு என்பதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் வழுக்கைத் தலை.

கவிப்பிரியா கண்ணாடி முன் நூறு தடவை ஒப்பித்ததை ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினாள். உள்ரூமில் இருக்கச் சொன்ன காவேரி அத்தை, அதற்குள் கதவு நிலையில் முக்கால் உடம்பை வெளியே வைத்து நின்றிருந்தாள்.

“சரோஜா, நடுவுல கீற மொட்டதான் மாமனாரா? ஓரத்துல கீறவன்தான் பையனா? பரவால்ல, லட்சணமாத்தான் கீறான். ஆனா அந்தப் பொம்பள மூஞ்சப் பாரேன், பச்ச மொளகாய முழுங்கினாப்புல. இது மாமியாரா வந்தா நம்ம பொண்ணு கதி அவ்ளோதான்!”

அத்தையின் குரலுக்கு மைக் தேவையில்லை. பாம்பேயில் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“யாரோ பேசுகிறார்கள் போலிருக்கிறதே?” என்றார் வழுக்கைத் தலை.

“என் அத்தை” என்றாள் கவிப்பிரியா ஆங்கிலத்தில். “உங்களைப் போன்ற கல்வியாளர்களைப் பார்த்ததில் பெருமைப்படுவதாகச் சொல்கிறார்.”

வழுக்கைத் தலை மகிழ்ந்து கும்பிட்டார். பேராசிரியர் சக்சேனா கும்பிடவில்லை. குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

“பாத்தியா, கும்புடக்கூட கை வரல அதுக்கு” என்றாள் அத்தை.

“இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார் இளைஞர்.

“நீங்கள் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்” என்றாள் கவிப்பிரியா.

சக்சேனா மறுபடியும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு குறிப்புக்கும் தன் சீட்டு ஓர் அடி தள்ளிப் போவதாகக் கவிப்பிரியாவுக்குத் தோன்றியது. அடுத்து சரோஜா காபித் தட்டோடு வந்தாள். பெண்ணின் கையில் தட்டைக் கொடுத்து, திரைக்கு முன்னால் நீட்டச் சொல்லி முதுகில் குத்தினாள். ஒரு மேலாண்மைக் கல்லூரியின் தேர்வுக் குழுவுக்கு முன்னால் மூன்று டம்ளர் காபியை நீட்டிக் காட்டிய முதல் மாணவி உலகத்திலேயே இவளாகத்தான் இருக்க வேண்டும்.

“இது எங்கள் வழக்கம்” என்றாள் கவிப்பிரியா. வேறென்ன சொல்வாள்?

அப்போதுதான் வாசலில் பைக் வந்து நின்றது. ஒரு கையில் ஆப்பிள், மறு கையில் தாறு போலப் பெரிய ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கோதண்டராமன் உள்ளே வந்தார்.

“ஆடிட்காரங்க ஃப்ளைட்டு லேட்டாம். அம்மா போன் பண்ணிக் கூப்புட்டாங்க. பொண்ணோட கம்பெனி சார்பா ஒருத்தர் இருக்க வேணாமா?” என்று சொல்லிக்கொண்டே வெங்கடேசனின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கவிப்பிரியா யாரிடமிருந்து இதை மறைத்தாளோ, அந்த ஆள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலமும் தெரியும்.

சரியாக அந்த நேரம் பார்த்து வழுக்கைத் தலை கேட்டார்: “இப்போதைய வேலையை ஏன் விட விரும்புகிறீர்கள்?”

“இன்னா சார் கேக்குறாங்க?” என்று வெங்கடேசன் கோதண்டராமனின் காதில் கேட்டார்.

“வேலைய எதுக்கு வுடறேன்னு கேக்குறாங்க” என்றார் கோதண்டராமன். “பாம்பேல குடித்தனம்னா வுட்டுத்தானே ஆவணும்? நியாயமான கேள்வி.”

கவிப்பிரியா எந்தப் பக்கமும் மாட்டாத ஒரு பொதுவான பதிலைச் சொல்லித் தப்பித்தாள்.

“உங்கள் மேலதிகாரியைப் பற்றி மனம் திறந்து சொல்லுங்கள்” என்றார் இளைஞர்.

கோதண்டராமன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தங்கமான மனிதர்” என்றாள் கவிப்பிரியா. “கேட்ட உடனே விடுப்புக் கொடுப்பார்.”

கோதண்டராமன் உருகினார். “எவ்ளோ நல்லாப் பேசுது பாருங்க” என்று வெங்கடேசனின் தொடையில் தட்டினார்.

இப்போது முதல் தடவையாகப் பேராசிரியர் சக்சேனா வாயைத் திறந்தார். கத்தரித்து எடுத்தது போன்ற ஆங்கிலம். “ஏன் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்? இதுவரை நீங்கள் சொன்னதெல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்கு உண்மையான காரணம் வேண்டும்.”

கவிப்பிரியா மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள். உலகப் பொருளாதாரம், மூலதனச் சந்தை, தன் பகுத்தாயும் திறமை என்று அடுக்கினாள். சக்சேனா கொட்டாவியை மறைத்துக்கொண்டது நன்றாகவே தெரிந்தது.

கோதண்டராமனின் நெற்றி சுருங்கியது. “ஒரு மாதிரி கீதே. மூலதனம், பேலன்ஸ் ஷீட்டு… இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் எதுக்குன்னு வேற கேக்குறாங்க. பொண்ணு பாக்குற எடத்துல இதெல்லாமா கேப்பாங்க? சார், இது மாப்ள வூடு இல்ல. இன்டர்வியூ!”

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த சரோஜா கரண்டியோடு ஓடி வந்தாள்.

வெங்கடேசன் எழுந்தார். “கவி. இன்னா இது?”

இனி மறைக்க எதுவும் இல்லை. போகிறது, எப்படியும் சீட்டுப் போய்விட்டது, வேலையும் போய்விட்டது. ஒரு நிமிடம் என்று பாம்பேக்காரர்களைப் பார்த்து விரலைக் காட்டிவிட்டு, கவிப்பிரியா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“படிக்கப் போறதுக்குத்தாம்ப்பா இன்டர்வியூ. பொய்தான் சொன்னேன். உண்மையச் சொன்னா நீ வுட மாட்ட.”

“எதுக்கு? இருக்கிற வேலைக்கு இன்னா கொறச்சல்?”

“ஒரு கொறச்சலும் இல்ல. நம்ம நெலத்த அந்தக் குடோன்காரங்களுக்கு எழுதிக் குடுத்த அன்னிக்கு என்னயும் கூட்டிகினு போனியே, ஞாபகம் கீதா? மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேரு கோட்டுப் போட்டுகினு உக்காந்திருந்தாங்க. நீ இந்தப் பக்கம் நின்னுகினு இருந்த. ஒரு நாற்காலிகூடப் போடல உனக்கு. அவங்க காட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்ட. இன்னா எழுதியிருக்குன்னு நீ கேக்கல, உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னிக்கு அதே குடோன் வாசல்ல நீ செக்யூரிட்டி.”

வெங்கடேசன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

“போன வருஷம் எங்க கம்பெனிய வேற கம்பெனிக்காரன் வாங்குனான். அதே மாதிரி நாலு பேரு வந்து உக்காந்தாங்க. அவங்க போனதும் பெயின்ட் ஷாப்ப மூடிட்டாங்க. அங்க வேல பாத்தவங்க எல்லாரும் நின்னுகினுதான் இருந்தாங்க. எனக்கு அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போவணும்ப்பா. அந்தப் பேப்பர்ல இன்னா கீதுன்னு படிக்கத் தெரிஞ்ச ஆளு நம்ம ஊர்லேர்ந்து ஒருத்தராவது அங்க உக்காரணும். இந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லணும். அவ்ளோதான். வேற ஒரு காரணமும் இல்ல.”

சொல்லி முடிக்கையில் மை கன்னத்தில் வழிந்திருந்தது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காவேரி அத்தைக்கே பேச்சு வரவில்லை, அது குடும்ப வரலாற்றில் முதல் தடவை.

வெங்கடேசன் தன் நாற்காலியைத் தூக்கி வந்து மகளுக்குப் பக்கத்தில், லேப்டாப்புக்கு நேராகப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“கேக்கச் சொல்லு” என்றார். “நான் உக்காந்து கேக்குறேன்.”

அதற்குப் பிறகு கவிப்பிரியாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, குடும்பத்தில் ஒரு சின்ன உரையாடல் என்று ஆங்கிலத்தில் சமாளித்தாள். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் நம்பாதபோது என்ன செய்வாய் என்று வழுக்கைத் தலை கேட்டார். இரண்டு பக்கமும் எதை மறைக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பேன், மறைப்பதற்குப் பயம்தான் காரணம், அந்தப் பயத்தைத் தீர்த்தால் விலை தானாகப் படியும் என்றாள். இந்த வாரத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. இளைஞர் சபாஷ் என்பது போலத் தலையை ஆட்டினார். சக்சேனா மட்டும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், “முடிவைப் பிறகு தெரிவிப்போம்” என்று திரையை அணைத்தார்.

“வெளங்குனாப்புலதான்” என்றாள் அத்தை.

கவிப்பிரியா கோதண்டராமனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு பஜ்ஜியை எடுத்து, வழக்கம்போல் அதன் அளவைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“நான் லீவு குடுத்தது பொண்ணு பாக்குறதுக்கு. இன்டர்வியூவுக்கு நான் லீவு குடுக்கல. இன்னிக்குச் சம்பளம் கட்” என்றார் கண்டிப்பாக. பிறகு மெதுவாக, “அந்த மொட்ட கேட்ட கேள்விக்கு நல்லாத்தான் பதில் சொன்ன. திங்கக்கெழம ஒழுங்கா வேலைக்கு வந்துரு. சீட்டு கெடச்சாலும் அடுத்த ஆடிட்ட முடிச்சுக் குடுத்துட்டுதான் போவணும்” என்றார்.

அடுத்து வந்த நாட்களில் கவிப்பிரியா சோறு தின்றாளா என்பதே சந்தேகம். போனில் மணி அடித்தால் ஓடினாள், அடிக்காவிட்டால் போன் வேலை செய்கிறதா என்று பார்த்தாள்.

ஒரு மத்தியானம், கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது மின்னஞ்சல் வந்தது. தேர்வாகிவிட்டாள்! உதவித்தொகையோடு! அவள் போட்ட கூச்சலில் சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியைக் கீழே போட்டார். கோதண்டராமன் ஒரு பெஞ்சில் ஏறி நின்று, “நம்ம டிபார்ட்மென்ட்டு பொண்ணு! எங்கிட்ட வேல கத்துகினது!” என்று அறிவித்தார். முத்துச்செல்வி லைனையே நிறுத்திவிட்டு வந்து கட்டிப்பிடித்தாள். குடோன் வாசலில் வெங்கடேசன், போகிற வருகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, டிரைவர் வாயில் லட்டைத் திணித்த பிறகுதான் கேட்டைத் திறந்தார். காவேரி அத்தை மணிமங்கலம் முழுக்க, “எங்க பொண்ணுக்குப் பாம்பே அமைஞ்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டு போனாள். கல்யாணமா படிப்பா என்று கேட்டவர்களை, “ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம், போறது பாம்பேதானே?” என்று மடக்கினாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது. பேராசிரியர் சக்சேனா. அதே கத்தரித்த ஆங்கிலத்தில் வாழ்த்தினார்.

கவிப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. “மேடம், அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. இருந்தும் என் பதில்களை நம்பி எனக்கு எப்படி இடம் கொடுத்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மறுமுனையில் அடக்கி அடக்கி வைத்த சிரிப்பு வெடித்தது.

“உன் இங்கிலீஷ் பதிலுக்கெல்லாம் நான் முட்டதாம்மா போட்டேன், உங்கப்பாகிட்ட அழுதுகினே தமிழ்ல சொன்னியே, அதுக்குத்தான் இந்த சீட்டு! நான் உங்க ஒரகடத்துக்குப் பக்கத்துல, வல்லம் வடகால் இருதயசாமி பொண்ணு ஷீபா. கட்டிகினு வந்த வூடுதான் சக்சேனா. உங்க அத்தைய ரொம்ப வெசாரிச்சேன்னு சொல்லு.”